ஸ்டுடியோ இல்லாத கோபுரங்கள்: தூர்தர்ஷன் நாடு முழுக்கப் போன கதை

1980களின் நடுவில் மதுரையிலோ திருநெல்வேலியிலோ முதல் டிவி வாங்கிய வீட்டாரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெட்டி வந்த நாளையும், மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து இன்னொருவர் "இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படியே விடு" என்று கத்தியதையும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். அதோடு ஒரு குறையையும் சொல்வார்கள். அவ்வளவு பாடுபட்டுப் படம் தெளிவாக வந்த பிறகு, அதில் ஓடியது பெரும்பாலும் இந்தி. சென்னையில் இருந்த சொந்தக்காரர்கள் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சியில் தமிழ் சினிமாப் பாட்டு பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இவர்கள் வீட்டுப் பெட்டியில் டெல்லி பேசிக்கொண்டிருந்தது.

ஏன் அப்படி ஆனது என்று கேட்டால், இந்தித் திணிப்பு என்று ஒரே வரியில் பதில் வரும். டெல்லியில் அந்த மனப்போக்கு இருந்தது உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 1980களின் தொடக்கத்தில் தூர்தர்ஷனை எந்த வகைக் கருவியால் நாடு முழுக்கக் கொண்டுபோவது என்று எடுத்த முடிவு அது. அந்த ஒரு முடிவில் மொழி, நிகழ்ச்சி, பார்வையாளர் எல்லாமே தீர்மானமாகிவிட்டன. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தியாவில் டிவி தொடங்கியது 1959 செப்டம்பர் 15. டெல்லி நாடாளுமன்றத் தெருவில் இருக்கும் ஆகாஷ்வாணி பவனில் ஒரு தற்காலிக ஸ்டுடியோ, சின்ன ஒளிபரப்பி ஒன்று. குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தார். யுனெஸ்கோ உதவியோடு டெல்லியிலும் சுற்றுப்புறத்திலும் சில இடங்களில் பொதுப் பெட்டிகளை வைத்து, 'டெலிகிளப்' என்ற பெயரில் ஆட்களைச் சேர்த்துப் பார்க்கச் செய்தார்கள். வாரத்துக்கு இரண்டு நாள்தான் நிகழ்ச்சி. பொதுச் சுகாதாரம், சாலை விதி, குடிமக்களின் கடமை என்று பாடம்போல இருக்கும். ஏழை நாட்டுக்கு டிவி ஓர் ஆடம்பரம், அதை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அது வாத்தியாராக இருக்க வேண்டும் என்பதுதான் நேரு காலத்து அரசின் எண்ணம்.

1961-ல் டெல்லிப் பள்ளிகளுக்கான பாட நிகழ்ச்சிகள் வந்தன. ஆய்வுக்கூடம் சரியாக இல்லாத பள்ளிகளில் பிள்ளைகள் இயற்பியல், வேதியியல் சோதனைகளை டிவியில் பார்த்தார்கள். தினசரி ஒளிபரப்பு 1965 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது. அதுவும் ஒரு மணி நேரம், அதற்குள் ஒரு செய்தி அறிக்கை. இதெல்லாம் நடந்தது வானொலியின் ஒரு கிளையாக. தூர்தர்ஷன் என்று தனி அமைப்பு அப்போது கிடையாது. டெல்லிக்கு வெளியே டிவியும் கிடையாது. இரண்டாவது நிலையம் பம்பாயில் வந்தது 1972 அக்டோபர் 2-ல். பதின்மூன்று வருஷம் ஒரு நாட்டின் தொலைக்காட்சி ஒரே ஊரில் இருந்திருக்கிறது.

அந்த ஒரே ஊருக்குள்ளும் சிலர் கிராமத்தை நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1967 ஜனவரி 26-ல் 'கிரிஷி தர்ஷன்' என்ற விவசாய நிகழ்ச்சி தொடங்கியது. டெல்லியைச் சுற்றி 80 கிராமங்களில் பெட்டி வைத்து, ஊரே சேர்ந்து பார்த்தது. இதன் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் விக்ரம் சாராபாய். ராக்கெட், செயற்கைக்கோள் என்றால்தான் நமக்கு அவர் பெயர் ஞாபகம் வரும். ஆனால் அவர் விண்வெளியைப் பற்றிப் பேசியபோதெல்லாம் கூடவே கிராமத்து டிவியைப் பற்றியும் பேசியிருக்கிறார்.

அவர் வாதம் எளிமையானது. வழக்கமான முறையில் டிவி நகரத்தில் தொடங்கும். அப்புறம் பக்கத்து நகரம், அப்புறம் சிற்றூர். கடைசியில்தான் கிராமம், அதற்குள் முப்பது நாற்பது வருஷம் ஓடிவிடும். செயற்கைக்கோள் மேலே நின்றால் டெல்லியும் ஒன்றுதான், ஒடிசாவின் ஒரு மலைக் கிராமமும் ஒன்றுதான். யாருக்கு அதிகம் தேவையோ அவரிடமிருந்தே தொடங்கலாம். 1969-ல் இந்திய அணுசக்தித் துறைக்கும் நாசாவுக்கும் ஒப்பந்தம் ஆனது. ஏ.டி.எஸ்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளை ஒரு வருஷம் இந்தியா பயன்படுத்திக்கொள்ளலாம். கீழே வேண்டிய கருவிகளும் நிகழ்ச்சிகளும் இந்தியாவின் பொறுப்பு. சாராபாய் 1971 டிசம்பர் 30-ல் இறந்துபோனார். அவர் கனவு கண்ட பரிசோதனை 1975 ஆகஸ்ட் 1-ல் தொடங்கியது. செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'சைட்' என்று அழைத்தார்கள்.

இந்தப் பரிசோதனையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆன்டெனாதான் கண்ணில் நிற்கும். சுமார் பத்தடி அகலமுள்ள ஒரு கிண்ணம். அதைச் செய்தது கோழி வலையால். கோழி அடைக்கக் கடையில் வாங்குவோமே, அந்தக் கம்பி வலையை ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதை வானத்தில் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளை நோக்கித் திருப்பிவைத்தார்கள். காற்று வலைக்குள் புகுந்து போய்விடும், அலை மட்டும் தங்கும். விலையும் குறைவு. அதிலிருந்து ஒரு கம்பி பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் வரும், அங்கே ஒரு சின்னப் பெட்டி அந்த அலையை டிவிக்கு ஏற்றபடி மாற்றும். டிவி ஐதராபாத்தில் அரசின் ஈ.சி.ஐ.எல். நிறுவனம் செய்தது. மின்சாரம் எட்டாத சில ஊர்களில் பேட்டரி வைத்து ஓட்டினார்கள்.

ஆந்திரம், கர்நாடகம், ஒடிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் இதில் சேர்ந்தன. நல்ல வசதியான ஊர்களாகப் பார்த்துப் பொறுக்கவில்லை, பின்தங்கிய மாவட்டங்களைத்தான் எடுத்தார்கள். காலையில் ஒன்றரை மணி நேரம் சிறு பிள்ளைகளுக்கு, மாலையில் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு. தெலுங்கு, கன்னடம், ஒடியா, இந்தி என்று நான்கு மொழிகள். ஒரே படத்தோடு இரண்டு ஒலித் தடங்களை அனுப்பும் வசதியும் இருந்தது, அதாவது ஒரே காட்சியை இரண்டு ஊர்கள் இரண்டு மொழியில் கேட்கலாம். 1975-லேயே இது நம்மிடம் இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பல மொழி நாட்டுக்கு ஒரு செயற்கைக்கோள் போதாது, அதனால்தான் இந்தி மட்டும் வந்தது என்று பிற்பாடு யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்க முடியாது.

இதில் இலங்கைக்கும் ஒரு கிளைக்கதை உண்டு. செயற்கைக்கோளை வைத்து உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945-லேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க் அப்போது கொழும்பில் வசித்தார். இலங்கையில் அன்றைக்கு டிவியே இல்லை. இஸ்ரோ அவர் வீட்டுக்கே ஒரு கிண்ண ஆன்டெனாவும் பெட்டியும் கொடுத்து, இந்தியக் கிராமங்களுக்குப் போன நிகழ்ச்சிகளை அவர் பார்க்கும்படி செய்தது. தன் யோசனை வேலை செய்வதை ஒருவர் தன் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

சரி, 'சைட்' குறையே இல்லாத திட்டமா? இல்லை. அது தொடங்கியபோது நெருக்கடி நிலை அமலுக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. மாலை நிகழ்ச்சியில் எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக ஓர் அரை மணி நேரம் டெல்லியிலிருந்து இந்தியில் வரும், அதில் அரசின் குரலைத் தவிர வேறெதுவும் இருக்காது. பின்னாளில் வந்ததன் விதை அந்த அரை மணி நேரத்திலேயே இருக்கிறது. அப்புறம் நிகழ்ச்சி தயாரித்தவர்களில் பலர் நகரத்துப் படிப்பாளிகள். அவர்கள் பேசிய மொழியே சில ஊர்க்காரர்களுக்குப் புரியவில்லை என்று களத்துக்குப் போன ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனால் அதைக் கேட்டறிவதற்கென்று ஆய்வாளர்களைக் கிராமங்களிலேயே தங்கவைத்திருந்தார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். பார்ப்பவருக்குப் புரிந்ததா என்று ஒரு டிவி நிலையம் கேட்டுக்கொண்டது.

1976 ஜூலை 31-ல் பரிசோதனை முடிந்தது. செயற்கைக்கோளை நாசா எடுத்துக்கொண்டது. ஊர்களில் பெட்டி வெறும் பெட்டியாக நின்றது. அந்தப் பகுதிகளுக்கென்று ஜெய்ப்பூர், ஐதராபாத், குல்பர்கா, சம்பல்பூர், ராய்ப்பூர், முசாபர்பூர் ஆகிய இடங்களில் தரை ஒளிபரப்பிகள் பிறகு வந்தன. 2,400 கிராமங்களில் ஒரு பகுதிக்குத்தான் அவை எட்டின.

இதே நேரத்தில் குஜராத்தில் இன்னொன்று நடந்தது. கேடா மாவட்டத்தில் நடியாத் பக்கத்தில் பீஜ் என்று ஒரு கிராமம். அங்கே இஸ்ரோ ஒரு சின்ன ஒளிபரப்பியை நிறுவியது. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் ஸ்டுடியோ. சுற்றியிருந்த சில நூறு கிராமங்களில் பொதுப் பெட்டிகள். டெல்லி நிகழ்ச்சி கொஞ்ச நேரம் ஓடும், மீதி நேரம் அந்த மாவட்டத்துக்கென்றே, அந்த வட்டாரப் பேச்சுவழக்கிலேயே தயாரித்தது. பண்ணைக் கூலி, குறைந்தபட்ச ஊதியச் சட்டம், தீண்டாமை, கைம்பெண் மறுமணம் என்று அந்த மண்ணில் எது எரிந்துகொண்டிருந்ததோ அதையெல்லாம் நாடகமாக எடுத்தார்கள். கூலிக்காரரே கேமரா முன் உட்கார்ந்து தன் குறையைச் சொல்ல, அதிகாரி பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1984-ல் கிராமத் தகவல் தொடர்புக்காக யுனெஸ்கோ விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. அதற்கு அடுத்த ஆண்டே அந்த ஒளிபரப்பியைக் கழற்றி எடுத்துப்போக அரசு முடிவு செய்தது. கிராமத்து மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். எங்கள் டிவியை எங்களிடமிருந்து எடுக்காதே என்று ஒரு கிராமம் போராடிய வேறொரு சம்பவம் இந்தியாவில் எனக்குத் தெரிந்து இல்லை.

பீஜ் எப்படிப் போனது என்றால், அதற்குள் டெல்லியில் வேறொரு வழி தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது.

1970களின் நடுவில் டிவி வேகமாகப் பரவியது. 1973-ல் ஸ்ரீநகர், அமிர்தசரஸ். 1975 ஆகஸ்டில் கல்கத்தா, அதே மாதம் 15-ல் சென்னை, நவம்பரில் லக்னோ. 1976 ஏப்ரல் 1-ல் வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் தனி அமைப்பானது. பண்டிட் ரவிசங்கர் அமைத்த அந்தத் தொடக்க இசையும், அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் உருவான அந்தச் சுழலும் சின்னமும் அந்தக் காலத்தவை. விளம்பரமும் 1976 ஜனவரி 1 முதல் வந்தது.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். அன்றைக்கு இந்த நிலையங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. கல்கத்தா நிலையம் வங்காளியில் பேசியது, பம்பாய் மராத்தியிலும் இந்தியிலும் பேசியது, சென்னை தமிழில் பேசியது. சுவாமி சிவானந்தா சாலையில் இருந்த நிலையத்திலிருந்து செய்தி, 'வயலும் வாழ்வும்', நாடகம், ஞாயிற்றுக்கிழமை மாலைப் படம், நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் 'எதிரொலி' என எல்லாம் தமிழ்தான். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்ற அட்டைகூடத் தமிழில் வந்தது. சென்னையின் கோபுரம் எட்டும் தூரம் வரை ஒரு தமிழ்த் தொலைக்காட்சி இருந்தது. நாடு தழுவிய வலையமைப்பு என்று ஒன்று 1982 வரை இல்லவே இல்லை.

அரசின் கையில் இருந்தாலும் அந்தத் தனித்தனி நிலையங்களுக்கு ஒரு வட்டார முகம் இருந்தது. செய்தி மட்டும் விதிவிலக்கு. நெருக்கடி நிலையில் தகவல்துறை அமைச்சர் வி.சி. சுக்லாவின் காலத்தில் அது அரசின் ஊதுகுழலாகவே இருந்தது. 1977 தேர்தலில், காங்கிரசை விட்டு எதிரணிக்குப் போயிருந்த ஜகஜீவன்ராம் கலந்துகொண்ட டெல்லிப் பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேரக் கூடாது என்று அந்த மாலையில் பிரபலமான ஓர் இந்திப் படத்தை டிவியில் போட்டதும், அப்படியும் மைதானம் நிரம்பியதும் பலமுறை எழுதப்பட்ட கதை. அந்தத் தேர்தலில் ஜெயித்து வந்த ஜனதா அரசு வர்கீஸ் குழுவை அமைத்தது. வானொலியையும் டிவியையும் அரசிடமிருந்து விடுவித்துத் தன்னாட்சி கொடுக்கச் சொன்னது அந்தக் குழு. ஜனதாவே செய்யவில்லை. அதற்கான சட்டம் 1990-ல் நிறைவேறி 1997-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

1980-ல் இந்திரா காந்தி திரும்பி வந்தார். 1982 நவம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதைக் கறுப்பு வெள்ளையில் காட்டுவது நாட்டுக்குக் கௌரவமா என்று ஒரு கேள்வி எழுந்தது. தகவல்துறை அமைச்சராக இருந்த வசந்த் சாட்டே வண்ணத்துக்காக வாதாடினார். சோற்றுக்கு இல்லாத நாட்டில் கலர் டிவி எதற்கு என்று நாடாளுமன்றத்திலும் வெளியிலும் கேட்டார்கள். கடைசியில் கலர் ஜெயித்தது. 1982 ஆகஸ்ட் 15-ல் செங்கோட்டை உரை வண்ணத்தில் வந்தது. அன்றைக்கே 'தேசிய நிகழ்ச்சி'யும் தொடங்கியது. அன்று முதல் இரவு எட்டரை மணி வாக்கில் எல்லா நிலையங்களும் தங்கள் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு டெல்லியை வாங்கிக் கொடுக்க வேண்டும். சென்னையின் தமிழ் அந்த நேரத்தோடு நின்றுபோனது.

இந்த இணைப்புக்காக அனுப்பிய இன்சாட்-1ஏ செயற்கைக்கோள் ஐந்தே மாதத்தில், 1982 செப்டம்பரில், செயலிழந்தது. வேறு இணைப்புகளை வைத்துச் சமாளித்தார்கள். 1983 ஆகஸ்ட் 30-ல் சேலஞ்சர் விண்கலம் இன்சாட்-1பி-யைக் கொண்டுபோனது. இப்போது இந்தியாவுக்குச் சொந்தமான செயற்கைக்கோள் கைக்கு வந்துவிட்டது. சாராபாய் காத்திருந்த தருணம் இதுதான். கோழி வலையை மறுபடி எடுத்து, இந்தத் தடவை லட்சக்கணக்கான கிராமங்களில் கட்டியிருக்கலாம்.

அரசு வேறு வழியை எடுத்தது. குறைந்த சக்தி ஒளிபரப்பி. அது எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் கதையின் மையம் அதுதான். ஊருக்கு வெளியே ஒரு சின்னக் கட்டடம். வாசலில் வானத்தைப் பார்த்து ஒரு பெரிய கிண்ணம். பக்கத்தில் ஓர் இரும்புக் கோபுரம். உள்ளே 100 வாட் ஒளிபரப்பி, அதைக் கவனிக்க ஓரிரு பொறியாளர், டெக்னீஷியன்கள். கிண்ணம் செயற்கைக்கோளிலிருந்து டெல்லியை வாங்கும், கோபுரம் அதைச் சுற்றிலும் சுமார் இருபது கிலோமீட்டருக்குக் கொடுக்கும். அவ்வளவுதான். கேமரா கிடையாது. மைக் கிடையாது. அறிவிப்பாளர் கிடையாது. ஊரில் வெள்ளம் வந்து, கட்டடத்தின் வாசல் வரை தண்ணீர் நின்றாலும் அந்த நிலையம் அதைச் சொல்ல முடியாது. அதற்கு வாயே வைக்கவில்லை.

1984-ல் சுமார் நான்கு மாதம் கிட்டத்தட்ட நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தக் கோபுரங்கள் எழும்பின. அதற்கு முன் மக்கள்தொகையில் கால் பங்குக்குச் சற்று அதிகமானவர்களுக்கு மட்டுமே எட்டிய டிவி, வருஷ முடிவில் பாதிப் பேருக்கு எட்டியது. பொறியாளர்களின் வேலை என்ற அளவில் இது பெரிய சாதனை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஏன் அவ்வளவு அவசரம்? மக்களவைத் தேர்தல் அந்த வருஷ முடிவில் வரவிருந்தது. அதைவிட, பணக் கணக்கு. கிராமத்துக்குக் கிண்ணம் வைத்தால் கிண்ணமும் பெட்டியும் அரசு வாங்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும், நான்கு மொழியில் நிகழ்ச்சி எடுக்க வேண்டும். ஊருக்கு ஒரு கோபுரம் வைத்துவிட்டால் அரசின் செலவு அதோடு முடிந்தது. பெட்டியை மக்களே வாங்கிக்கொள்வார்கள். டயனோரா, சாலிடேர் என்று சென்னைக் கம்பெனிகளே செய்து விற்ற காலம் அது. மரச் ஷட்டர் வைத்த அந்தப் பெட்டிக்குப் பலர் தவணை கட்டினார்கள். வாங்கக் காசு இருந்தது நகரத்து, சிறுநகரத்து நடுத்தர வீட்டுக்கு. அப்படியானால் நிகழ்ச்சி அந்த வீட்டுக்குத்தான். விளம்பரம் கொடுப்பவரும் அந்த வீட்டைத்தான் தேடினார்.

1984 ஜூலை 7-ல் தொடங்கிய 'ஹம் லோக்' தொடரில் இந்த மாற்றம் கண்ணெதிரே நடந்தது. மெக்சிகோவில் தொடர்கதை வழியாகக் குடும்பக் கட்டுப்பாட்டைச் சொன்னதைப் பார்த்து, அதேபோல இங்கும் செய்யலாம் என்று எடுத்தது. முதல் சில வாரம் பாடம் தூக்கலாக இருந்தது, பார்த்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். எழுதிய மனோகர் ஷியாம் ஜோஷி பாடத்தைக் குறைத்து, அந்த டெல்லிக் குடும்பத்தின் பாடுகளைக் கூட்டினார். லட்சக்கணக்கில் கடிதம் வந்தது. விளம்பரம் கொடுத்த மேகி நூடுல்ஸ் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் வரிசையில் நின்றன. 1959-ல் தொடங்கிய வாத்தியார் வேலை அந்த ஒன்றரை வருஷத்தில் முடிவுக்கு வந்தது. 1987 ஜனவரியில் 'ராமாயணம்' வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரு காலியாக இருந்தது தமிழ்நாட்டிலும் நடந்தது, புராணக் கதைக்கு மொழி அவ்வளவு தடையாக இல்லை. ஆனால் 'ஹம் லோக்' போன்ற தொடர்களுக்கு வடக்கே இருந்த வரவேற்பு தெற்கே இருக்கவில்லை.

அரசே அமைத்த பி.சி. ஜோஷி குழு இதையெல்லாம் கண்டு சொல்லியிருக்கிறது. டெல்லியின் கண் வழியாகவே நாடு காட்டப்படுகிறது, கோபுரம் கட்டும் வேகத்தில் நிகழ்ச்சி தயாரிக்கும் வசதி வளரவில்லை என்பதுதான் அதன் வருத்தம். அறிக்கை வந்தது, கோபுரங்களும் தொடர்ந்து வந்தன.

இப்போது மதுரைக்கும் நெல்லைக்கும் திரும்பலாம். அந்த ஊர்களின் சின்ன ஒளிபரப்பிகள் செயற்கைக்கோளிலிருந்து வாங்கியது டெல்லியை. சென்னை நிலையத்தின் தமிழ் செயற்கைக்கோளில் ஏறவில்லை. ஆகவே தமிழ்நாட்டுக்குள் இருந்துகொண்டே தமிழ் கிடைக்கவில்லை. தென்கடலோரத்தில் சிலர் ஆன்டெனாவை இன்னும் உயர்த்தி, பூஸ்டர் போட்டு, தெற்கே திருப்பினார்கள். 1982-ல் ஜப்பான் உதவியோடு தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினி அங்கே கிடைத்தது, அதில் தமிழ் நிகழ்ச்சியும் வந்தது. ராமநாதபுரத்துப் பிள்ளைகள் கொழும்பிலிருந்து வந்த தமிழைக் கேட்டு வளர்ந்ததற்குக் காரணம் இதுதான். 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையில் பெரிய ஒளிபரப்பி வந்து, அதைச் சென்னையோடு இணைத்த பிறகுதான் தென்மாவட்டங்களில் வெள்ளிக்கிழமை இரவு பாட்டுக் கேட்டது, ஷோபனா ரவி வாசித்த தமிழ்ச் செய்தி வந்தது.

அதற்கும் எட்டரை மணி எல்லை இருந்தது. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி தொடங்கியபோது தினமும் சில மணி நேரமே தமிழ் கொடுத்தது. கேபிள்காரர்கள் தெருத்தெருவாகக் கம்பி இழுத்த வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பசி எத்தனை வருஷம் சேர்த்துவைத்தது என்று தெரியும்.

தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, 2022-க்குள் பெரும்பாலும் மூடிவிட்டார்கள். பல ஊர்களில் கோபுரம் இன்னும் நிற்கிறது. கட்டடம் பூட்டியிருக்கிறது. சுற்றிலும் சீமைக்கருவேலம் வளர்ந்து, கிண்ணத்தில் மழைக் கறை படிந்து, அது இன்னமும் இன்சாட் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.